மழையே இல்லாத ஊருக்கு டெங்கு எப்படி வருது?

#1 கரிசல்காட்டான் | ஞாயிறு, இரவு 9:42

ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. கரிசல் பூமி. சித்திரையில ஒரு கோடைமழை பெஞ்சதோட சரி. இன்னைக்கு ஆடிப்பெருக்கு, ஆத்துல புதுத்தண்ணி பாயுற நாள்ங்கிறாங்க. எங்க கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. சாக்கடை ஓடணும்னாக்கூட அதுக்குத் தண்ணி வேணும்லா, அதுவும் காஞ்சு கிடக்கு.

இந்த லட்சணத்துல எங்க தெருவுல மட்டும் ஆறு பேருக்கு டெங்கு. அதுல ஒண்ணு என் மக, ஏழு வயசு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்து நேத்துதான் கூட்டிட்டு வந்தோம். இப்ப நல்லா இருக்கா, இட்லி கேட்டு சண்டை போடுதா. "மழைக்காலம் வந்தாலே இப்படித்தான்"னு வார்டுல ஒருத்தர் சொன்னார். மழைக்காலமா? எங்க?

மழை பெஞ்சா தண்ணி தேங்கும், தேங்குனா கொசு, கொசு வந்தா டெங்கு. இதான் பள்ளிக்கூடத்துல படிச்சது. மழையே இல்லாத ஊர்ல கொசு எதைக் குடிச்சு வளருது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பின்குறிப்பு: குடிதண்ணிப் பஞ்சம் வேற. பைப்புல பத்து நாளைக்கு ஒருவாட்டிதான் வருது.

#2 சந்தேகப்பேர்வழி | ஞாயிறு, இரவு 10:05

பிள்ளை தேறினதுல சந்தோஷம். நிறைய இளநீர் கொடுங்க.

கேள்விக்கு யாராவது வந்து "பருவநிலை மாற்றம்"னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போவாங்க பாருங்க. இப்பல்லாம் சாம்பார்ல உப்பு கூடினாலும் அதுதான் காரணம்.

#3 பழைய மலேரியா ஆள் | திங்கள், காலை 6:10

தம்பி கரிசல், விடையை நீங்களே பின்குறிப்பில் எழுதிவிட்டீர்கள்.

நான் சுகாதாரத் துறையில் கொசு பின்னாலேயே 31 வருடம் ஓடியவன். பாதிக் காலம் சென்னை, மீதி ராமநாதபுரம் பக்கம். ஓய்வு பெற்றபின் பேச ஆள் கிடைப்பதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையில் வளராது. அங்கே வளர்வது கியூலெக்ஸ், ராத்திரி காதில் பாடுகிறதே அது. ஏடிஸுக்கு வேண்டியது வீட்டுக்குள், நிழலில், அசையாமல் நிற்கும் ஓரளவு சுத்தமான தண்ணீர். அதாவது நீங்கள் குடிக்க வைத்திருக்கும் அதே தண்ணீர்.

அது முட்டையைத் தண்ணீரில் போடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். கரித்தூள் மாதிரி கறுப்பாக, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தண்ணீர் இறங்கி சுவர் காய்ந்தாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிக்கும். நம் வெயிலில் பொரித்ததிலிருந்து பறக்கும் வரை ஏழெட்டு நாள்.

இப்போது உங்கள் வீட்டு டிரம்மை நினையுங்கள். தண்ணீர் வருகிற நாள் விளிம்பு வரை நிரப்புகிறீர்கள். மொண்டு மொண்டு மட்டம் இறங்குகிறது. ஈரச் சுவரில் கொசு முட்டை வைக்கிறது. அடியில் ஒரு சாண் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே அடுத்த முறை தண்ணீர் வந்துவிடுகிறது. பத்து நாள் காத்திருந்து கிடைக்கிற ஊரில் அந்த ஒரு சாணைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? அதன் மேலேயே நிரப்புவோம். மட்டம் ஏறுகிறது, முட்டை நனைகிறது, பொரிக்கிறது. புழு வளர ஏழெட்டு நாள் போதும், நமக்கு அடுத்த தண்ணீர் பத்தாம் நாள்தான்.

உங்கள் ஊரில் கொசுவுக்கு மழை பைப்பு வழியாகப் பெய்கிறது. பத்து நாளைக்கு ஒரு மழை, தவறாமல். வானத்து மழைகூட இவ்வளவு ஒழுங்காக வராது.

#4 கரிசல்காட்டான் | திங்கள், காலை 7:30

அண்ணாச்சி, படிச்சதும் எந்திரிச்சுப் போய் டிரம்மைப் பார்த்தேன். எங்க வீட்ல அஞ்சு நீல டிரம், ஒரு சிமெண்ட் தொட்டி, மாடியில ஒரு சின்டெக்ஸ், பித்தளை அண்டா ரெண்டு, குடம் கணக்கே இல்ல. ஒண்ணுமே தெரியல, தண்ணி சுத்தமா இருக்கு. புழு இருந்தா கண்ணுக்குத் தெரியாதா?

#5 பழைய மலேரியா ஆள் | திங்கள், காலை 7:52

தெரியும், பார்க்கிற விதத்தில் பார்த்தால். நீங்கள் குனிந்ததும் உங்கள் நிழல் விழுந்திருக்கும், அது அடியில் போய்விடும். ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். அப்போது டார்ச் அடியுங்கள். பாம்பு நெளிகிற மாதிரி நெளிந்து கீழே ஓடினால் அது ஏடிஸ் புழு. காற்புள்ளி மாதிரி வளைந்து உருண்டால் கூட்டுப்புழு, அது இன்னும் ஒன்றிரண்டு நாளில் பறக்கும்.

எங்களுக்கு வெள்ளை எனாமல் அகப்பை கொடுப்பார்கள். வீட்டில் வெள்ளைக் கிண்ணம் இருந்தால் போதும். விளிம்போரமாகச் சாய்த்துச் சட்டென்று மொள்ள வேண்டும், நடுவில் அல்ல.

#6 வல்லைவெளி | திங்கள், மதியம் 1:15

நான் யாழ்ப்பாணம். மலேரியா ஆள் ஐயா சொல்லுறது எங்கட நாட்டுச் சரித்திரத்தோட அப்பிடியே பொருந்துது.

1934-35இல இலங்கையில வந்த மலேரியாவை எங்கட அம்மம்மா "கொள்ளை வருத்தம்" எண்டுதான் சொல்லுவா. 80,000 பேர் வரை செத்தவை. கனபேர் நினைக்கிறது, பெருவெள்ளம் வந்திருக்கும், அதாலதான் நுளம்பு பெருகினது எண்டு. இல்லை. அந்த வருசம் தென்மேல் பருவமழை பொய்ச்சுப் போச்சு. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் எப்பவும் நிறைஞ்சு ஓடுற ஆறுகள். மழை இல்லாமல் ஓட்டம் நிண்டு, ஆத்து மணலுக்குள்ள குட்டை குட்டையாத் தண்ணி தேங்கினது. வெயில் படுற தெளிஞ்ச தண்ணி, மீனும் இல்லை, இழுத்துக்கொண்டு போற ஓட்டமும் இல்லை. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் எண்ட நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் வேற இல்லை.

இன்னொரு விசயம். வன்னி மாதிரி வறண்ட பக்கத்துச் சனத்துக்கு மலேரியா பழகின வருத்தம், உடம்பில கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி இருந்தது. இந்த முறை அது போனது ஈர வலயத்துக்கு. அங்கத்தையச் சனத்துக்கு ஒண்டும் இல்லை, அதுக்கு முதல் விளைச்சலும் பொய்ச்சுப் பசி வேற. அப்பிடியே சாய்ஞ்சு போச்சுதுகள்.

மழை கூடினால் நோய், குறைஞ்சால் நோய் இல்லை எண்டு ஒரு நேர்கோடு போட ஏலாது. ஆறு ஓடுற ஊரில வறட்சி வந்தால் தண்ணி தேங்கும். தேங்கியே கிடக்கிற ஊரில பெருமழை வந்தால் புழுவை அடிச்சுக்கொண்டு போகும்.

#7 ஈசூன் மாமா | திங்கள், இரவு 8:40

சிங்கப்பூரிலிருந்து ஒரு மறுப்பு. இங்கே 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது. டிரம் கிடையாது, தொட்டி கிடையாது, குடத்தைப் பொங்கலுக்கு மட்டும்தான் பார்க்கிறோம். ஆனாலும் 2020இல் 35,000 பேருக்கு மேல் டெங்கு. தண்ணீரைச் சேமிப்பதுதான் காரணம் என்றால் இங்கே ஒருவருக்குக்கூட வரக்கூடாதே?

எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி சோதனைக்கு வந்தபோது பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கரண்டித் தண்ணீர் இருந்திருக்கும். அதில் புழு. என் மனைவிக்கு முகமே செத்துவிட்டது. அதிலிருந்து அவர் ஆசையாக வளர்த்த மணிபிளாண்ட் நாடு கடத்தப்பட்டது.

#8 பழைய மலேரியா ஆள் | செவ்வாய், காலை 5:58

ஈசூன் மாமா, நல்ல கேள்வி. தண்ணீர்ச் சேமிப்பு ஒன்றே காரணம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

சிங்கப்பூரில் வருடம் முழுவதும் வெப்பமும் ஈரமும் உண்டு. ஏடிஸுக்கு லீவு நாளே கிடையாது. இன்னொன்று, பல வருடங்களாகக் கொசுவை நன்றாகவே அடக்கி வைத்ததால் நிறையப் பேருக்கு டெங்கு வந்ததே இல்லை, அதனால் எதிர்ப்புச் சக்தி குறைவு. அப்படிப்பட்ட ஊரில் கொஞ்சம் கொசு இருந்தாலே போதும், நெருப்புப் பிடிக்கும். மேலே வல்லைவெளி ஈர வலயத்தைப் பற்றிச் சொன்ன அதே கணக்கு. ஊல்பாக்கியா என்ற கிருமி ஏற்றிய ஆண் கொசுக்களை வளர்த்து வெளியே விடுகிற வேலையை 2016 முதல் அங்கே செய்கிறார்களே, அது மற்ற வழிகளால் மட்டும் முடியவில்லை என்பதால்தான்.

இரண்டு கரண்டித் தண்ணீர் சமாச்சாரம் இங்கேயும் உண்டு. பிரிட்ஜின் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், உறைபனி உருகி அதில் சொட்டும். எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்? போய்ப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

#9 ஈசூன் மாமா | செவ்வாய், காலை 7:03

பார்த்தேன். புழு இல்லை. ஒரு பத்து காசும் எலுமிச்சம்பழ விதையும் இருந்தது.

#10 சந்தேகப்பேர்வழி | செவ்வாய், காலை 10:20

எல்லாம் சரி. ஆனா வெப்பம், வெப்பம்னு சொல்றீங்களே. கோவில்பட்டியில சித்திரை வைகாசி வெயில் 38, 39னு அடிக்குது. அந்த வெயில்ல கொசுவே கருகிடாதா? "புவி சூடாகுது, அதனால கொசு நோய் கூடுது"ங்கிறது எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. சூடு கூடினா கொசு சாகணும்.

#11 பழைய மலேரியா ஆள் | செவ்வாய், மதியம் 2:30

பாதி சரி. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன்.

டெங்கு நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே இன்னொருவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. குடித்த இரத்தத்தில் இருந்த வைரஸ் கொசுவின் குடலில் பெருகி, உடம்பெல்லாம் பரவி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு எத்தனை நாள் என்பதை வெப்பம்தான் முடிவு செய்கிறது. 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 30 டிகிரியில் வைத்த கொசுக்களுக்கு 12 நாள் ஆனது. 32லிருந்து 35 டிகிரியில் வைத்தவற்றுக்கு 7 நாள்.

அந்த 5 நாள் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். கொசுவுக்கு ஆயுசே இரண்டு மூன்று வாரம். பேச்சுக்கு, தினமும் பத்தில் ஒரு கொசு சாகிறது என்று வைத்துக்கொள்வோம், பல்லி, சிலந்தி, உங்கள் கைத்தட்டல் எல்லாம் சேர்த்து. 100 கொசுவில் 12 நாள் தாண்டி உயிரோடு இருப்பது 28. ஏழு நாள் தாண்டுவது 48. கொசுவின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை, ஆனால் நோய் பரப்பும் கொசு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு.

அதற்கு மேல் சூடு போனால் நீங்கள் சொல்வது நடக்கும். கொசுவின் ஆயுசு குறையும், முட்டை குறையும், கடிப்பது குறையும். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கில் ஏடிஸ் எஜிப்டி வழியாக டெங்கு பரவத் தோதான வெப்பம் 29 டிகிரி அளவில் வருகிறது. மலேரியாவுக்கு அதைவிடக் குறைவு, 25 பக்கம். வெப்பம் கூடக்கூட நோயும் ஏறிக்கொண்டே போகும் என்பது தவறு. மலையேறி இறங்குகிற மாதிரி ஒரு வளைவு. குளிர்ந்த மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு டிகிரி கூடினால் மேலே ஏறுகிறார்கள், ஏற்கெனவே கொதிக்கிற ஊருக்கு ஒரு டிகிரி கூடினால் இறங்கவும் செய்யலாம்.

மலேரியாவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஃபால்சிபாரம் கிருமி கொசுவுக்குள் முதிர 20 டிகிரியில் 28 நாள், 25 டிகிரியில் 12 நாள், 30 டிகிரியில் 8 நாள். 16 டிகிரிக்குக் கீழே முதிரவே முதிராது. ஆப்பிரிக்க மலைநாட்டு ஊர்களில் ஒரு டிகிரிக்கு ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது இந்த மூன்று எண்களில் இருக்கிறது.

ஆனால் சந்தேகப்பேர்வழி, 39 டிகிரி என்பது வெயிலில் நிற்கிற உங்களுக்கு. ஏடிஸ் வெளியே நிற்பதில்லை. கட்டிலுக்கடியில், கொடியில் தொங்குகிற சட்டைக்குப் பின்னால், அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் மதியம் அந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள்.

#12 செவிலி அக்கா | செவ்வாய், இரவு 11:10

ட்யூட்டி முடிச்சு வந்து படிக்கிறேன். வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. டெங்கு மட்டும்தான் காய்ச்சல்னு எல்லாரும் நினைக்கிறீங்க, அதுதான் என் ஆதங்கம்.

எங்க பக்கம் மழை முடிஞ்சு குளிர் தொடங்கும்போது, ஐப்பசி கார்த்திகையிலிருந்து தை வரைக்கும், ஸ்க்ரப் டைஃபஸ் வரும். ஜனங்க உண்ணிக்காய்ச்சல்னு சொல்லுவாங்க. மழை பெஞ்சதும் புதர் மண்டும், எலி பெருகும், அந்த எலி மேல வாழுற பூச்சியோட குஞ்சு புல்லு நுனியில உக்காந்திருக்கும். கண்ணுக்கே தெரியாது. ஆடு மேய்க்கிறவங்க, விறகு பொறுக்கப் போறவங்க, புதர்ப் பக்கம் ஒதுங்குறவங்க மேல ஏறிக் கடிக்கும். வலிக்காது. கடிச்ச இடத்துல சிகரெட்டால சூடு வச்ச மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு விழும்.

அந்தப் பொருக்கு எங்க இருக்கும்னு நினைக்கிறீங்க? அக்குள்ல, இடுப்புக்குக் கீழே, மார்புக்கு அடியில. யாரும் தானா காட்ட மாட்டாங்க. போன வருஷம் ஒரு பாட்டி வந்தாங்க. ஒம்பது நாள் காய்ச்சல், ரெண்டு இடத்துல டெங்கு டெஸ்ட் எடுத்து இல்லைன்னு வந்திருக்கு, பிளேட்லெட் மட்டும் கம்மி. அதனால பப்பாளி இலைச்சாறா குடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க. நான் புடவை மாத்திவிடும்போதுதான் பார்த்தேன், இடுப்புல பாவாடை நாடா கட்டுற இடத்துல அந்தப் பொருக்கு. டாக்டர்கிட்ட சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே டாக்சிசைக்ளின் ஆரம்பிச்சாங்க. ரெண்டாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. "இத எறும்பு கடின்னுல்ல நெனச்சேன் தாயி"ன்னாங்க.

அதனால காய்ச்சல்னா, எந்த மாசம், என்ன வேலை செய்றீங்க, எங்க போனீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் நீட்டாதீங்க.

#13 மூலிகைப்பித்தன் | புதன், காலை 8:00

இவ்வளவு பேசுகிறீர்கள், நிலவேம்புக் குடிநீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? கொசுவை ஏன் துரத்துகிறீர்கள், உடம்பைத் தயார்படுத்துங்கள்...

#14 மட்டுறுத்துநர் | புதன், காலை 8:25

நிலவேம்புக்குத் தனி இழை இருக்கிறது, 43 பக்கம் ஓடி நான்கு பேர் தடை செய்யப்பட்டபின் பூட்டினேன். இங்கே அது வேண்டாம். இழை தண்ணீர், வெப்பம், நோய் என்ற பாதையில் நன்றாகப் போகிறது. மூலிகைப்பித்தன் பதிவின் மீதியை வெட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

#15 வல்லைவெளி | புதன், மதியம் 12:40

செவிலி அக்கா சொன்னது எங்களுக்கு 2024 மார்கழியில நடந்தது. கார்த்திகைக் கடைசியில பெங்கல் புயலோட பெருமழை, யாழ்ப்பாணத்தில வெள்ளம். வெள்ளம் வடிஞ்சு பத்துப் பதினைஞ்சு நாளில கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் காய்ச்சல். முதலில என்ன காய்ச்சல் எண்டே விளங்கேல்லை. சனம் "மர்மக் காய்ச்சல்" எண்டு கதைக்கத் தொடங்கிட்டுது. டெங்குவோ, கொரோனாவோ எண்டு ஆளுக்கொரு கதை. ஏழு பேர் வரை போனபிறகுதான் எலிக்காய்ச்சல் எண்டு பரிசோதனையில வந்தது.

இதுக்கு நுளம்பு தேவையில்லை. எலியின்ர சிறுநீரில வாற கிருமி. காய்ஞ்ச மண்ணில அது நிலைக்காது, ஈரத்தில கிழமைக்கணக்கில இருக்கும். வெள்ளம் எலி வளையளைக் கழுவி வயலுக்கும் வீட்டு முத்தத்துக்கும் கொண்டு வரும். காலில சின்ன வெடிப்போ கீறலோ இருந்தால் அதுக்குள்ளால ஏறும். பிறகு எங்கட பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வயலுக்கே வந்து குளிசை குடுத்தவர். வெறுங்காலோட சேத்துக்குள்ள நிண்ட என்ர மச்சானைப் பிடிச்சு அவர் பேசின பேச்சை இங்க எழுத ஏலாது.

வெள்ளம் வந்த உடனே எல்லாரும் சோத்துப் பார்சலும் உடுப்பும் குடுக்க ஓடுறம், நல்லது. ஆனால் காய்ச்சல் வாறது சோத்துப் பார்சல் குடுத்தவை எல்லாம் வீட்டை போனபிறகு.

#16 சந்தேகப்பேர்வழி | புதன், மாலை 6:15

சரி, வெப்பக் கணக்கு புரிஞ்சுது, ஒத்துக்கிறேன். ஆனா என் அடிப்படைக் கோபம் அப்படியே இருக்கு. கரிசல் ஊருக்குப் பத்து நாளைக்கு ஒருவாட்டி தண்ணி விடறது வானிலையா? யாரோ ஒரு ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்றது. அதை விட்டுட்டு "வறட்சியால டெங்கு"ன்னு எழுதினா, குற்றவாளி வானம், தண்டிக்க ஆளில்ல. எங்க பக்கம் ஒரு கூட்டத்துல இதையே சொன்னாங்க. பருவநிலை மாறிடுச்சாம், நாங்க என்ன பண்றதுன்னு கையை விரிச்சாங்க. அடுத்த வாரம் தெருவுல புகை அடிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க.

#17 பழைய மலேரியா ஆள் | புதன், இரவு 9:05

இந்தக் கோபத்தில் நான் உங்கள் பக்கம். தெருவில் அடிக்கிற புகை கட்டிலுக்கடியில் இருக்கிற ஏடிஸை என்ன செய்யும்? நானும் அடித்தவன்தான், மேலே இருந்து உத்தரவு வரும். மக்களுக்கும் புகை வந்தால்தான் வேலை நடந்த மாதிரி இருக்கும்.

ஆனால் வானமா, ஆபீஸா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாட்டேன். இரண்டும் கூட்டாளிகள். பிரேசிலில் 2001 முதல் 2019 வரையான டெங்குக் கணக்கை மழை வறட்சிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெருமழைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் டெங்கு கூடுகிறது. கடும் வறட்சிக்குப் பின்னும் கூடுகிறது, மூன்றிலிருந்து ஐந்து மாதம் கழித்து. வறட்சிக்குப் பின் வருகிற ஆபத்து எங்கே அதிகம் என்றால் நகரங்களில், அதிலும் அடிக்கடி குழாய்த் தண்ணீர் தட்டுப்படுகிற இடங்களில். வானம் ஒரே மாதிரிதான் பொய்த்தது, குழாய்தான் ஊருக்கு ஊர் வேறு.

2004இல் கென்யாவின் லாமு தீவில் சிக்குன்குனியா கிளம்பியதும் வறட்சியில்தான். வீடு வீடாகச் சேர்த்து வைத்த தண்ணீரில் கொசு வளர்ந்தது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குப் போய், 2006இல் நம் ஊருக்கு வந்து, ஊரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்ததே, நினைவிருக்கிறதா? நம்மிடமும் 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு உக்கிரமாக இருந்தது கோடையில். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் பல மாதம் இருந்தது.

சென்னை மலேரியா இதைவிட வேடிக்கை. மலேரியா என்றால் காடு, கழனி என்று பாடப்புத்தகம். சென்னையிலோ அனோபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்ந்தது. நான் ஏறிய ஏணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் பரங்கிமலையைத் தாண்டும். மூடி இருக்கும், ஆனால் குழாய் நுழைகிற இடத்தில் ஓர் ஓட்டை, அது போதும் அதற்கு. அதே கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் பிடிபட்டது. 2022இல் எத்தியோப்பியாவின் திரேதாவா நகரத்தில் மலேரியா வெடித்தது, அதுவும் மழையில்லாப் பருவத்தில். நம் ஊர் மாடித் தொட்டிப் பழக்கத்தை அது கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டது.

#18 வல்லைவெளி | புதன், இரவு 9:40

மன்னாருக்கும் வந்திட்டுது ஐயா அந்த நுளம்பு. 2016 புரட்டாதியில இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. சில மாதத்துக்குள்ளேயே மன்னார்த் தீவுக் கிணறுகளில ஸ்டீபன்சியைக் கண்டுபிடிச்சவை. 1963இல 17 பேர் எண்ட அளவுக்குக் குறைச்சுப்போட்டு, சோம்பி இருந்து, பிறகு லட்சக்கணக்கில வாங்கின நாடு எங்கட நாடு. அதால இப்ப ஒரு கிணத்தையும் விடுறேல்லை.

#19 கரிசல்காட்டான் | வெள்ளி, இரவு 8:20

அண்ணாச்சி, ரெண்டு நாளா இதே வேலையாத் திரியுதேன், வீட்டுக்காரி "கிறுக்குப் பிடிச்சிருச்சா"ங்கா.

வெள்ளைக் கிண்ணம், டார்ச், அஞ்சு நிமிஷம். அஞ்சு டிரம்ல மூணுல புழு. நீங்க சொன்ன மாதிரியே நெளிஞ்சு ஓடுது. என் மக பக்கத்துல நின்னு எண்ணினா, ஒரு கிண்ணத்துல பதினாலு. "இதா என்னைக் கடிச்சுது"ன்னு கேட்டா. இதோட அம்மாவா இருக்கும்னு சொன்னேன்.

நாலாவது டிரம் கிட்டத்தட்ட காலி. உள்ளே தலையை விட்டு டார்ச் அடிச்சா, பாதி உயரத்துல சுத்திலும் ஒரு கறுப்புக் கோடு. நான் இத்தனை வருஷமா அதை டிரம்மோட அழுக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். விரலால தேய்ச்சா மணல் மாதிரி நெருநெருன்னு வருது. தேங்கா நாரும் சோப்புத்தூளும் போட்டு அந்தக் கோட்டைத் தேய்ச்சே எடுத்தேன். அடியில கெடந்த தண்ணியைத் துணியில வடிகட்டி மாட்டுக்கு வச்சேன், கொட்ட மனசு வரல. எல்லா டிரம்முக்கும் பழைய வேட்டியை ரெட்டையா மடிச்சு, வாயில சைக்கிள் டியூப்பு வெட்டி இறுக்கிக் கட்டியாச்சு. தெருவுல மத்த வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாலு வீட்ல அன்னைக்கே தேய்ச்சுட்டாங்க. ஒரு வீட்ல மட்டும் "எங்க டிரம்ல எல்லாம் அந்தக் கொசு வராது"ன்னுட்டாங்க.

இப்ப ஒரு சிக்கல். பக்கத்து வீடு ஏழு மாசமா பூட்டிக் கிடக்கு, திருப்பூர் போயிட்டாங்க. முத்தத்துல சிமெண்ட் தொட்டி, அதுக்கு மேல பைப்பு. பைப்புக்குத் திருகு இல்ல. அதனால தண்ணி விடற நாள்லாம் தொட்டி தன்னால நிரம்பிருது. சுவர் மேலால எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி, அங்க டார்ச்சே வேண்டாம், பகல்லயே தெரியுது.

#20 பழைய மலேரியா ஆள் | வெள்ளி, இரவு 8:44

பூட்டிய வீடுதான் எங்கள் எல்லாருக்கும் எமன். சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு, "பூட்டு" என்று எழுதிவிட்டுப் போவோம். அடுத்த முறை போனால் அந்த எழுத்துக்குக் கீழே இன்னொரு "பூட்டு". ஒரு தெருவில் எல்லா வீட்டையும் சுத்தம் செய்துவிட்டு ஒரே ஒரு பூட்டை விட்டதால் மறுபடி காய்ச்சல் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏடிஸ் ரொம்பத் தூரம் பறக்காது, ஆனால் ஒரு தெருவுக்கு அது போதும்.

சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கிடைத்தால் முதல் வேலை பைப்பை அடைப்பது.

#21 கரிசல்காட்டான் | சனி, காலை 7:15

விசாரிச்சேன். சாவி அவுக சித்தப்பா கிட்ட இருக்காம், எட்டயபுரத்துல. அவர் புதன்கிழமை வர்றேன்னுருக்கார்.

தண்ணி செவ்வாய்க்கிழமை வருது.

#22 பழைய மலேரியா ஆள் | சனி, காலை 7:21

சுவர் எவ்வளவு உயரம்?

#23 கரிசல்காட்டான் | சனி, காலை 7:24

என் நெஞ்சளவு.